கோட்டுச் சித்திரமும் போன் படமும் ஒரே கொத்தில் சேருமா? யாழ்ப்பாணத்துப் படத் தொகுப்புகளுக்கு எந்த வழி

யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் கோயில் மலர்க் குழுக்களிலும் ஸ்கான் செய்த படங்கள் குவிந்துகொண்டே போகின்றன. குவிந்த பிறகுதான் சிக்கல் தெரிகிறது. கோப்புப் பெயர்கள் எல்லாம் வெறும் எண்கள். எது தேர், எது வள்ளம், எது நாற்சார் வீடு என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. கணினியே பார்த்து ஒத்ததை ஒத்ததோடு சேர்க்காதா என்று கேட்கிறார்கள்.

சேர்க்கும். லேபல் (இது இன்னது என்ற பெயர்க்குறிப்பு) எதுவும் கொடுக்காமல் படங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கப் பல வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கான மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசம். ஆனால் எங்கள் தொகுப்புகளில் இருக்கும் படங்கள் ஒரே இடத்தில் இருந்து வந்தவை அல்ல. ஒல்லாந்துப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட செப்புத்தகட்டுச் சித்திரங்களில் தெல்லிப்பழைத் தேவாலயம் கோடு கோடாக நிற்கிறது. அமெரிக்க மிஷன் காலத்துக் கறுப்பு-வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. பத்திரிகையில் அச்சாகி, கிட்டப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும் படங்கள் இருக்கின்றன. எண்பதுகளின் கலர்ப் படங்களில் நிறம் வெளிறிச் செம்மை ஏறியிருக்கிறது. கடைசியாக, போனில் எடுத்து வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தவை. இப்படி வெவ்வேறு வகையாக வருவதை ஆய்வாளர்கள் டொமெய்ன் என்பார்கள். இந்தக் கட்டுரையில் நான் மூலம் என்று எழுதுகிறேன்.

மூலங்கள் கலந்த தொகுப்பைச் சாதாரண முறையில் பிரிக்கச் சொன்னால், கணினி மூலத்தைத்தான் பிரித்துத் தரும். பத்திரிகையில் வந்த நல்லூர்த் தேர், பத்திரிகையில் வந்த பாடசாலைக் கட்டடம், பத்திரிகையில் வந்த விளையாட்டுப் போட்டி மூன்றும் ஒரே கொத்தில் விழும். அதே தேரின் போன் படம் வேறொரு கொத்தில் கிடக்கும். எது பத்திரிகைப் படம் என்பது ஸ்கான் செய்த பிள்ளைக்கே தெரியும். அதைச் சொல்ல ஒரு மொடல், அதாவது படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள், தேவையில்லை.

ஒரு மடிக்கணினியும் ஒன்றிரண்டு தொண்டர்களும் உள்ள குழு எந்த வழியில் போகலாம் என்பதுதான் இங்கே கேள்வி. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மூலம் தாண்டிப் பெரும் பிரிவுகளாகச் சேர்க்க, படத்தையும் அதற்குரிய சொற்களையும் சேர்த்துப் பார்த்துப் பழகிய கிளிப் வகை மொடல். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் நுணுக்கமாகப் பிரிக்க, படங்களை மட்டும் பார்த்துப் பழகிய டைனோ வி2 என்ற மொடல். இடையில் மூலத்தின் சாயலைக் கழிக்கும் ஒரு சின்னக் கணக்கு. புதிதாக மொடல் பழக்கும் வேலையை, தொகுப்பு மிகப் பெரிதாக இருந்தால் ஒழியத் தொட வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வுக் கட்டுரைகளில் வெல்லும் முறை எங்கள் தொகுப்பில் தோற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் பழைய வழி. ரெஸ்நெற்-50 போன்ற ஒரு மொடலுக்குப் படத்தைக் கொடுத்தால் அது 2048 எண்கள் கொண்ட ஒரு வரிசையைத் தரும். அந்த எண்வரிசைகளைக் கே-மீன்ஸ் முறையில், அதாவது ஒன்றுக்கொன்று கிட்ட உள்ளவற்றை நாம் சொன்ன எண்ணிக்கைக் குழுக்களாகச் சேர்க்கும் கணக்கால், கொத்தாக்குவார்கள். ரெஸ்நெற் 2015இல் வந்தது. இமேஜ்நெற் தொகுப்பின் 1000 வகைகளில், ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் படங்களில் பழக்கப்பட்டது. அந்தப் படங்கள் பெரும்பாலும் சாதாரணக் கலர்ப் புகைப்படங்கள். இந்த வகை மொடல் பொருளின் வடிவத்தைவிட மேற்பரப்பின் அமைப்பையே அதிகம் பார்க்கிறது என்று ஜெர்மனியின் ரூபிங்கன் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். பூனையின் உருவத்துக்கு யானைத் தோலைப் போர்த்திக் காட்டியபோது அது யானை என்றது. எங்கள் தொகுப்பில் பத்திரிகைப் புள்ளியும் செப்புத்தகட்டுக் கோடும் அந்த யானைத் தோலின் வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே ரெஸ்நெற்றை மட்டும் நம்பிக் கொத்தாக்குவது சரிவராது. ஒரே கமராவில், ஒரே காலத்தில் எடுத்த படங்கள் மட்டும் இருந்தால் அது தாராளமாகப் போதும்.

எல்லாப் படத்தையும் கறுப்பு-வெள்ளையாக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். செய்யுங்கள், செலவில்லை. செம்மை ஏறிய கலர்ப் படங்களுக்கு நல்ல பலன் தரும். பத்திரிகைப் புள்ளிகளை மெல்ல மங்கலாக்கி, படத்தைச் சிறிதாக்கினால் புள்ளித் தொல்லையும் குறையும். கோட்டுச் சித்திரத்துக்கு மட்டும் இது உதவாது. புகைப்படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கினாலும் அதில் நிழலும் வெளிச்சமும் மிஞ்சும். சித்திரத்தில் இருப்பது கோடு மட்டும்தான்.

அடுத்தது சாயலைக் கழிக்கும் கணக்கு. ஒரு மூலத்தில் உள்ள எல்லாப் படங்களின் எண்வரிசைகளையும் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியை அந்த மூலத்தின் ஒவ்வொரு படத்தில் இருந்தும் கழிப்பது. ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாக இதைச் செய்தால், பத்திரிகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான புள்ளித்தன்மை பெருமளவு போய்விடும். பைத்தன் நிரல்மொழியில் சில வரிகள், வேறெதுவும் வேண்டாம். இதன் சற்றுக் கனமான வடிவங்களும் உண்டு. சராசரியோடு எண்களின் பரவலையும் அவை ஒன்றோடொன்று கூடிக் குறையும் விதத்தையும் சேர்த்துச் சரிக்கட்டும் கோரல் என்ற முறை 2016இல் வந்தது. சில ஆயிரம் படங்கள்தான் இருக்கும்போது அத்தனை எண்களின் உறவை நம்பகமாகக் கணிக்க முடியாது. நான் சராசரியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

இங்கேதான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வருகிறது. பால்டேயஸின் யாழ்ப்பாணச் சித்திரங்களில் தேவாலயங்கள்தான் அதிகம். நூறு சித்திரம் இருந்து அதில் எண்பது தேவாலயம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூலத்தின் சராசரி என்பது கோட்டுத்தன்மை மட்டும் அல்ல, தேவாலயத்தன்மையும் சேர்ந்தது. அதைக் கழித்தால் சித்திரத்தில் இருக்கும் தேவாலயமே பாதி அழிந்துவிடும். பிறகு அது போனில் எடுத்த தேவாலயத்தோடு சேராமல், எங்கோ நடுவில் தொங்கும். மறுபக்கம், ஒரு மீனவர் சங்கத்தில் இருந்து வந்த போன் படங்களில் முக்கால்வாசி வள்ளங்கள் என்றால், கழித்த பிறகு வள்ளம் மங்கி, எஞ்சிய வேலியும் பனையும் பெரிதாகத் தெரியும்.

ஆய்வுக்காரர் பயன்படுத்தும் தொகுப்புகளில் இந்தத் தொல்லை கொஞ்சம்தான். 2017இல் வந்த பாக்ஸ் தொகுப்பில் புகைப்படம், ஓவியம், கார்ட்டூன், கோட்டுப்படம் என நான்கு மூலங்கள். மொத்தம் 9991 படங்கள். நாய், யானை, ஒட்டகச்சிவிங்கி, கிட்டார், குதிரை, வீடு, மனிதர் என்ற அதே ஏழு பொருள்கள் நான்கிலும் உண்டு. அதே ஆண்டில் வந்த ஒபிஸ்-ஹோம் தொகுப்பிலும் 65 பொருள்கள் நான்கு மூலங்களுக்கும் பொது. அப்படிப்பட்ட இடத்தில் மூலங்களை ஒன்றோடொன்று பொருத்துவது நியாயம். எங்கள் சித்திரங்களில் மோட்டார் சைக்கிள் இல்லை, போன் படங்களில் மாட்டுவண்டில் அரிது. பொருள்களின் கலவையே மூலத்துக்கு மூலம் மாறுகிறது.

இதற்கு எளிய மருந்து உண்டு. சராசரியை முழு மூலத்தில் இருந்தும் எடுக்காமல், எல்லா மூலத்திலும் கிடைக்கும் சில பொருள்களில் இருந்து மட்டும் எடுப்பது. நின்றுகொண்டிருக்கும் மனிதர், ஓட்டு வீடு, பனை மரம், தெரு. இந்த நான்கும் செப்புத்தகட்டிலும் கிடைக்கும், மிஷன் படத்திலும் கிடைக்கும், போனிலும் கிடைக்கும். ஒவ்வொரு மூலத்தில் இருந்தும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்தாறு படத்தைக் கையால் பொறுக்கி, பொருளுக்குப் பொருள் ஒரே எண்ணிக்கையில் வைத்து, அதன் சராசரியைக் கழியுங்கள். அப்போது கழிபடுவது பெரும்பாலும் மூலத்தின் சாயல்தான். இது லேபல் போடுவது ஆகாதா என்றால், ஒரு பின்னேர வேலை ஆகும், அவ்வளவுதான். தொகுப்பைக் காப்பாற்றும் ஒரு பின்னேரம்.

இனி மொடலையே புதிதாகப் பழக்கும் வழிகள். 2015இல் கனின், லெம்பிற்ஸ்கி இருவரும் முன்வைத்த எதிர்ப்போட்டி முறை இந்தத் துறையில் மிகப் பிரபலம். படம் எந்த மூலத்தில் இருந்து வந்தது என்று ஒரு பகுதி கண்டுபிடிக்கப் பார்க்கும். அது கண்டுபிடிக்க முடியாதபடி எண்வரிசையை மாற்ற மற்றப் பகுதி பழகும். அந்த முறையில் ஒரு மூலத்துக்காவது லேபல் இருக்கும், அதுதான் கடிவாளம். எங்களிடம் ஒரு மூலத்துக்கும் லேபல் இல்லை. கடிவாளம் இல்லாமல் பழக்கினால், சித்திரத் தேவாலயத்தை போன் வள்ளத்தோடு ஒட்டிவிட்டாலும் மொடலுக்கு அது வெற்றிதான், மூலம் தெரியவில்லை அல்லவா. சின்னத் தொகுப்புக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

லேபலே இல்லாமல் பல மூலங்களில் இருந்து கொத்துகளைப் பழகுவதற்கென்றே செய்த முறை, 2020இல் மெனப்பாச்சே, லத்துயிலியர், ரிச்சி மூவரும் வெளியிட்ட ஏசிட்ஸ். ஒவ்வொரு மூலத்துக்கும் தனியான சராசரியும் பரவலும் கொண்ட சீராக்க அடுக்குகளை வலையமைப்புக்குள்ளேயே வைத்து, பல மூலங்களில் ஒன்றாகப் பழக்கி, பிறகு புதிதாக வரும் மூலத்துக்கும் அதை ஒத்துப்போகச் செய்வது. எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. சாயலைக் கழிக்கும் அதே வேலையை மொடலின் ஒவ்வொரு படியிலும் செய்கிறது. ஆனால் இதுவும் எல்லா மூலத்திலும் ஒரே பொருள்கள் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. பழக்குவதற்கு ஜிபியு (கனமான கணக்குகளை வேகமாகச் செய்யும் கணினிச் சில்லு) வேண்டும், நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் இறுதியாண்டு ஆய்வாக எடுத்தால் அருமையான தலைப்பு. மலர் அச்சுக்குப் போக வேண்டிய குழுவுக்கு அல்ல.

ஆக மிஞ்சுவது, பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே பழக்கி விட்டிருக்கும் மொடலை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவது. இரண்டைப் பார்ப்போம்.

மெற்றா 2023இல் வெளியிட்ட டைனோ வி2 சொற்கள் எதையும் பார்க்காமல், 14 கோடியே 20 இலட்சம் படங்களை மட்டும் பார்த்துப் பழகியது. ஒரு படத்தின் வெவ்வேறு வெட்டுகளுக்கு ஒத்த எண்வரிசை தர வேண்டும் என்பதே அதன் பாடம். அதனால் உருவத்தையும் உறுப்புகளையும் நன்றாகப் பிடிக்கும். வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் வித்தியாசம், தேருக்கும் சப்பறத்துக்கும் வித்தியாசம், கிணற்றுத் துலாவின் நீண்ட சாய்வு என்பனவற்றுக்கு அது ஆங்கிலப் பெயரைத் தேடிக்கொண்டிருக்காது. கண்ணுக்கு ஒத்தது ஒத்ததோடு சேரும்.

ஓபன்ஏஐ 2021 ஜனவரியில் அறிவித்த கிளிப், 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இணையத்தில் வந்த வாக்கியங்களையும் சோடியாகப் பார்த்துப் பழகியது. மூலம் தாண்டிச் சேர்ப்பதில் அதன் பலம் இங்கேதான் இருக்கிறது. தேவாலயத்தின் புகைப்படத்துக்கும் தேவாலயத்தின் சித்திரத்துக்கும் இணையத்தில் ஒரே பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். அந்தச் சொல் இரண்டையும் ஒரே பக்கம் இழுத்துவிடுகிறது. டைனோ வி2 கட்டுரையின் சொந்தச் சோதனைகளிலேயே, கோட்டுப்படத் தொகுப்பில் கிளிப் வகையைச் சேர்ந்த ஒரு பெரிய மொடல்தான் முன்னால் நிற்கிறது. செப்புத்தகட்டுச் சித்திரம், பாடப்புத்தக வரைபடம், பிள்ளைகளின் கைச்சித்திரம் உள்ள தொகுப்புக்கு இது தீர்மானமான காரணம்.

கிளிப்பின் குறைகளையும் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அது படத்துக்குள் இருக்கும் ஆங்கில எழுத்தை வாசித்துவிடும். அப்பிளில் ஐபொட் என்று எழுதிய காகிதத்தை ஒட்டிக் காட்டியபோது ஐபொட் என்று அது சொன்னதை ஓபன்ஏஐ நிறுவனமே வெளியிட்டது. எங்கள் ஸ்கான்களில் ஸ்ரூடியோ முத்திரை இருக்கும், பத்திரிகையின் படக்குறிப்பு இருக்கும், அல்பத்தில் பேனாவால் எழுதிய ஆண்டு இருக்கும். அவற்றை வெட்டிவிட்டுக் கொடுங்கள். வெட்டாத அசல் பிரதியைத் தனியாக, பத்திரமாக வையுங்கள். அந்தக் கையெழுத்து வேறெங்கும் கிடைக்காது. அடுத்தது, கொத்துக்குத் தமிழில் பெயர் கேட்டால் பழைய கிளிப் தடுமாறும். அது ஆங்கிலத்தில் பழகியது, வாக்கியத்துக்கு 77 துண்டுகள்தான் இடம், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக உடைந்து அந்த இடத்தை நிரப்பிவிடும். பன்மொழியில் பழகிய சிக்லிப் 2 போன்றவை கூகிளிடம் இருந்து 2025இல் வந்திருக்கின்றன. தமிழ்ச் சொல்லால் தேட விரும்புபவர்கள் அதைப் பார்க்கலாம். கொத்தாக்க மட்டும் என்றால் சொல் பக்கம் தேவையே இல்லை.

சங்கடப்படலை (கூரை வேய்ந்த வாசல்), சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக்கல் (மாடுகள் உடலை உரசும் கல்) போன்றவை ஆங்கிலப் படக்குறிப்புகளில் எங்கே வரும்? படலை என்பதைக் கிளிப் ஏதோ ஒரு வாசல் என்றுதான் எடுக்கும், சுமைதாங்கியை ஏதோ ஒரு கல் அமைப்பு என்று. எங்களுக்கு மிகவும் வேண்டியவை இவைதான். இதற்காகவே இரண்டு படியாகச் செய்யச் சொல்கிறேன். முதல் படியில் கிளிப் எண்வரிசை, சாயல் கழித்து, கே-மீன்ஸ். கட்டடம், நீர்க்கரை, வாகனம், ஊர்வலம், மரமும் வயலும் என்று பெரும் பிரிவுகள் வரும். இரண்டாம் படியில் ஒவ்வொரு பிரிவையும் தனியாக எடுத்து, டைனோ வி2 எண்வரிசையால் மீண்டும் பிரிப்பது. அங்கே சங்கடப்படலைகள் ஒன்றாக வருவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

எத்தனை கொத்து என்று கணினி கேட்கும். உங்களுக்கு வேண்டியதைப்போல மூன்று நான்கு மடங்கு கேளுங்கள். இரண்டு கொத்தை ஒன்றாக்குவது ஒரு சொடுக்கு. கலந்துபோன கொத்தைப் பிரிக்க ஒவ்வொரு படமாகத் திறக்க வேண்டும். அதோடு, ஆள் படங்களை முதலே வேறாக எடுத்துவிடுங்கள். கே-மீன்ஸ் கூட்டம் அதிகமுள்ள பக்கத்துக்கே கொத்துகளை ஒதுக்கும். தொகுப்பில் பாதி கலியாணப் படம் என்றால், பாதிக்கு மேல் கொத்துகள் மாப்பிள்ளை பெண்ணிடமே போய்விடும். கிணறும் வண்டிலும் ஒரே மூலையில் அடைபடும்.

கணினிச் செலவு பயப்படும்படி இல்லை. கிளிப்பின் சிறிய வடிவம் ஒரு படத்துக்கு 512 எண்கள் தரும். ஐயாயிரம் படத்துக்கும் சேர்த்து 10 எம்பி அளவுதான் வரும். எண்வரிசை எடுப்பதை ஜிபியு இல்லாத மடிக்கணினியில் இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம். ஒருமுறை எடுத்துச் சேமித்த பிறகு, கொத்தாக்கிப் பார்ப்பது சில நொடி வேலை. அதனால்தான் மொடலைப் பழக்காத வழி தொண்டர் குழுவுக்கு உகந்தது: பத்து விதமாகப் பிரித்துப் பார்க்க முடியும், மின்சாரம் நின்றாலும் வேலை அழியாது.

பணம் கட்டி இணையச் சேவைக்குப் படங்களை அனுப்பிப் பிரிப்பதும் ஒரு வழி என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். எங்கள் தொகுப்புகளுக்கு நான் அதை வேண்டாம் என்கிறேன். 1995 இடப்பெயர்வில் பல வீடுகளில் ஒரு அல்பம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியதைத் தந்த குடும்பங்கள், காணாமற்போனவர்களின் முகங்களையும் அதோடு சேர்த்துத் தந்திருக்கிறார்கள். அந்த முகங்கள் எங்கோ உள்ள சேவையகத்துக்குப் போக அவர்கள் சம்மதிக்கவில்லை. ஊரில் உள்ள மடிக்கணினியிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலைக்கு அந்த விலை கொடுக்கக் கூடாது.

வந்த கொத்துகள் சரியா என்று எப்படிப் பார்ப்பது? எல்லா மூலத்தில் இருந்தும் கலந்து இருநூறு படத்தை எடுத்து, கையால் பொருள் எழுதி வையுங்கள். இது பழக்க அல்ல, சோதிக்க மட்டும். பிறகு இரண்டு அளவு எடுக்கலாம்: கொத்து பொருளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது, கொத்து மூலத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது. என்எம்ஐ என்ற அளவு இரண்டுக்கும் பொருந்தும், பூச்சியத்தில் இருந்து ஒன்றுவரை வரும். முதலாவது ஏற வேண்டும், இரண்டாவது இறங்க வேண்டும். இரண்டாவது முழுதாகப் பூச்சியத்துக்கு இறங்கினால் மகிழ்ச்சியடைய வேண்டாம். மாட்டுவண்டில் பழைய படங்களில்தான் அதிகம், மோட்டார் சைக்கிள் புதியவற்றில்தான். நேர்மையான கொத்தில் அந்தச் சாய்வு தெரிய வேண்டும். மூலம் அடியோடு மறைந்துவிட்டால், கழித்ததில் ஏதோ அதிகமாகப் போய்விட்டது என்று அர்த்தம். பொதுப் பொருள்களில் இருந்து சராசரி எடுக்கும் படிக்குத் திரும்பிப் போங்கள்.

புகைப்படம் மட்டுமே உள்ள தொகுப்பு என்றால், கறுப்பு-வெள்ளையும் கலரும் போனும் கலந்திருந்தாலும், கிளிப் படியைத் தவிர்த்து டைனோ வி2 ஒன்றோடு முடிக்கலாம். பத்தாயிரக் கணக்கில் படமும், எல்லா மூலத்திலும் ஒரே பொருள்களும், ஒரு ஜிபியுவும் இருந்தால் ஏசிட்ஸ் வழியை முயலலாம். மற்ற எல்லோருக்கும் மேலே சொன்ன இரண்டு படி.

புதிதாக ஒரு வீட்டில் இருந்து அல்பம் வந்தால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்கத் தேவையில்லை. அதைப் புது மூலமாக எடுத்து, மனிதர், வீடு, பனை, தெருப் படங்களில் அதன் சராசரியைக் கண்டு கழித்து, ஒவ்வொரு படத்தையும் ஏற்கெனவே உள்ள கொத்துகளில் மிகக் கிட்டியதில் சேருங்கள். எதற்கும் கிட்டே வராத படங்களை வேறொரு கோப்புறையில் போட்டு, ஊர் மூத்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.